வராதவர்களின் குடங்கள்

நல்லதண்ணீர் வரும் நாளில் செல்லத்தாய் குழாயடியில் எட்டுக் குடங்களை வரிசையாக வைப்பாள். அவளுடையது ஒன்றுதான். மற்றவை பீகாருக்குப் போனவர்களுடையவை. வேலம்பாளையத்து லைன் வீட்டில் அப்படி ஒரு வழக்கம். ஆள் ஊருக்குப் போனால் பக்கத்து அறைக்காரி அவர்கள் குடத்தையும் பிடித்து, அவர்கள் வாசலில் மூடி வைக்க வேண்டும். வந்திறங்கியதும் குடிக்கத் தண்ணீர் வேண்டுமல்லவா?

வருகிறவர்கள் எங்கே? அமெரிக்காக்காரன் வரியை ஏற்றினான், பனியன் கம்பெனியில் ஆர்டர் நின்றது. எங்கோ ஒருவன் கையெழுத்துப் போட்டால் இங்கே அடுப்பு அணைகிறது, நல்ல நியாயம்தான்! அந்த நேரம் பார்த்து அவர்கள் மாநிலத்தில் தேர்தல். ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறோம் என்று ரயிலேறினார்கள். தட்டுமுட்டுச் சாமானைக்கூட எடுத்துப் போகவில்லை. பொங்கலும் போய்விட்டது.

அதுகூடப் பரவாயில்லை. நிரப்பி வைத்த குடங்கள் அடுத்த தண்ணீர் நாளுக்குள் காலியாகிக் கிடந்தன. பூட்டு அப்படியே, மூடி அப்படியே, குடம் மட்டும் காய்ந்து போயிருக்கும். ஏழு குடமும் சொல்லிவைத்தாற்போல ஓட்டையாகுமா? வீட்டுக்கார நல்லம்மாள் செடிக்கு ஊற்றுகிறாள் போல என்று செல்லத்தாய் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் பட்டப்பகலில்கூட அந்த நடையை ஓட்டமாகத்தான் கடப்பாள். பூட்டிய பக்கத்து அறைக்குள், பீகாருக்குப் போன சுனிதா வளையல் குலுங்க மாவு பிசைவது போலிருக்கும்.

தாங்க முடியாமல் சுனிதாவுக்கே போன் போட்டாள்.

"நல்லா இருக்கோம் அக்கா. இங்கயே தையல் கம்பெனி வந்துடுச்சு. ஓட்டு கேக்க வந்தப்ப சொன்னாங்க, நெஜமாவே வந்துடுச்சு. சம்பளம் கம்மிதான், ஆனா சொந்த ஊரு. நாங்க வரலக்கா."

"அப்ப ஒங்க கொடம்?"

"நீங்களே வச்சுக்கோங்க" என்று சிரித்தாள் சுனிதா.

செத்தவர்கள் ஆவியாக வருவதை ஊர் உலகத்தில் கேட்டிருக்கிறோம். உயிரோடு இருக்கிறவர்களுமா வருவார்கள்? பின்னே அந்தத் தண்ணீரைக் குடிப்பது யார்?

அடுத்த தண்ணீர் நாளில், குழாயில் தண்ணீர் வருமுன்பே நல்லம்மாள் வந்து நின்றாள்.

"எம்பையன் முருகவேலு இந்த லைனைப் பூட்டிக் குடோனுக்கு வாடகைக்கு உடலாங்கறான். நாந்தான், இல்ல சாமி, மனுசங்க பொழங்கற ஊடு, கொடத்துல ஊத்துன தண்ணி தீந்துருதுன்னு சொல்லித் தடுத்து வெச்சிருக்கறேன்." குரலைத் தாழ்த்தினாள். "நெசத்தச் சொல்லு கண்ணு. அந்தத் தண்ணிய நீதான எடுக்கற?"

'நீங்க செடிக்கு ஊத்தலையா?' என்ற கேள்வி செல்லத்தாயின் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"நா அந்தக் கொடத்தத் தொட்டதே இல்ல. நீயும் இல்லீன்னா சொல்லீரு. காத்துக் கருப்பு நடமாடற எடத்துல ஒத்தப் பொம்பளைய உட்டு வெக்க எனக்குத் தெகிரியமில்ல. நாளைக்கே பூட்டீர்றேன்."

சங்கரன்கோவில் பக்கத்துச் சொந்த ஊரில், புருஷன் கண்ணை மூடிய கையோடு கொழுந்தன்மார் வீட்டை வளைத்துக்கொண்டார்கள். ஓட்டையும் செல்லத்தாய் இங்கேயே மாற்றிவிட்டாள். அங்கே ஓட்டும் இல்லை, வீடும் இல்லை. இந்த ஒற்றை அறையும் போனால் பஸ் ஸ்டாண்டுதான் கதி. பேய்க்குப் பயப்படுவதற்கும் ஒரு கூரை வேண்டுமே, தாயே!

"நாந்தாங்கக்கா எடுக்கேன். துணி தொவைக்க" என்றாள்.

"நல்லதண்ணியிலயா துணி தொவைக்கற! நல்லாருக்குது போ" என்று சலித்துக்கொண்டாலும், நல்லம்மாள் முகம் தெளிந்து திரும்பிப் போனாள்.

தண்ணீர் வந்தது. ஒவ்வொரு குடமாக நிரப்பி அந்தந்த வாசலில் வைத்தாள். சுனிதாவின் வாசலில் குடத்தை இறக்கியபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பூட்டிய கதவருகே குனிந்தாள்.

"இருக்கதுன்னா இருந்துக்கோங்க. தண்ணிய மட்டும் மிச்சம் வச்சிராதீங்க தாயி. நான் மாட்டிக்கிருவேன்."