கிழக்குச் சுவர்

கலாதேவிக்கு வாய்ச் சாமர்த்தியம் கூடவே பிறந்தது. ஈப்போவில் ஒரு வீடமைப்பு நிறுவனத்தின் விற்பனைக் கூடத்தில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். லகாட் பக்கம் ரப்பர் மரங்களைச் சாய்த்து வரிசை வீடு கட்டப்போகிறார்கள் என்றதும், வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நம்மவர்களாகத்தான் இருப்பார்கள் என்று சொன்னவள் அவள்தான். அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை.

கூடுதல் வசதிகளை எப்படிச் சேர்த்து விற்பது என்று முதலாளி லியோங் கூட்டம் போட்டார். ஒருவன் கேட் என்றான், ஒருத்தி ஏர்கோன் என்றாள். கலாதேவி வீட்டின் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஹாலில் கிழக்கே பார்த்துக் கும்பிடத் தோதாக இருந்தது ஒரே ஒரு சுவர். எதிர்ச் சுவருக்குப் பின்னால் கழிவறை. அங்கே எவரும் சாமி வைக்கமாட்டார்கள். மின்சாரப் பெட்டியோ சாதுவாக வாசல் கதவுக்குப் பின்னால் இருந்தது.

"இந்தப் பெட்டியைக் கிழக்குச் சுவருக்கு நடுவில் கொண்டுபோய் வையுங்கள்" என்றாள். "அதைக் கதவுக்குப் பின்னால் மாற்றி, அந்த இடத்தில் பளிங்கில் சாமி மேடை கட்டித் தருவதை மூன்றாவது பேக்கேஜில் மட்டும் போடுங்கள். எங்கள் ஆட்கள் எதை விட்டாலும் சாமியை விடமாட்டார்கள்."

லியோங் மேசையைத் தட்டிச் சிரித்தார். முதல் பேக்கேஜ் ஒன்பதாயிரம் வெள்ளி, கேட்டும் கிரிலும். இரண்டாவது இருபத்து நாலாயிரம், சமையலறை அலமாரியோடு. மூன்றாவது இருபத்தெட்டாயிரம், ஏர்கோன், தானியங்கிக் கேட், சாமி மேடை எல்லாம் சேர்த்து. இரண்டாவதை யாரும் வாங்க வேண்டியதே இல்லை. மூன்றாவதை மலிவாகக் காட்டத்தான் அது அங்கே நின்றது. தனித்தனியாகக் கேட்டால் கொடுப்பதில்லை என்ற விதியையும் அவளே எழுதினாள். கட்டும்போதே பெட்டியை மாற்றிப் பொருத்த நிறுவனத்துக்கு ஆகும் செலவு முந்நூற்றைம்பது வெள்ளி.

விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. நம்மவர்கள் வந்தால் அவள் குரலைத் தாழ்த்தி, "நம்ம ஆளுங்களுக்காக நான்தான் கம்பெனிகிட்ட பேசி இந்த மேடைய வைக்கச் சொன்னேன்" என்பாள். நல்ல பேரும் கிடைத்தது, போனசும் கிடைத்தது. வியாபாரம் என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டாள்.

தர்மாவும் தினேஸ்வரியும் வந்த அன்றைக்குத்தான் முதன்முதலாக உறுத்தியது. தர்மா யாருக்கோ பள்ளி வேன் ஓட்டுகிறவன். வீட்டுக்கு வங்கிக் கடன்; அதுபோக, சொந்தமாக ஒரு வேன் வாங்க ஆறு வருஷமாகச் சேர்த்த முப்பதாயிரம் கையில் இருந்தது.

"மொதல் பேக்கேஜே போதும்லா" என்றான். "வேன் வாங்கணும்க்கா. எத்தன நாளைக்கு அடுத்தவன் வண்டிய ஓட்டுறது?"

தினேஸ்வரி, கூடத்தில் கட்டி வைத்திருந்த மாதிரி வீட்டின் கிழக்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாமி தலைக்கு மேல கரண்டுப் பெட்டியா? வெளக்கு எங்க ஏத்துறது? எதுத்தாப்புல வச்சா பின்னால தண்டாஸ். அக்கா, நீங்க சொல்லுங்க, ஒங்க வீடா இருந்தா என்ன செய்வீங்க?"

ஒரு வார்த்தை போதும். பெட்டியை மட்டும் மாற்றித் தரச்சொல்லி எழுதுங்கள், நான் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். கண்ணாடி அறைக்குள் லியோங் இருந்தார். அந்த மாதப் போனசுக்கு இன்னும் ஒரே ஒரு மூன்றாவது பேக்கேஜ் விற்றால் போதும் என்ற நிலைமை. கலாதேவியின் வாய் பழகிய தடத்திலேயே போயிற்று.

"நம்ம ஆளுங்களுக்காக நான்தான் பேசி வைக்கச் சொன்னேன், தங்கச்சி."

தர்மா மனைவியைப் பார்த்தான். "சரி, வேன அப்புறம் பாத்துக்கலாம்" என்று பேனாவை எடுத்தான். அப்போது அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. காகிதத்தைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, புதுமனை புகுவிழாவுக்குத் தினேஸ்வரி நேரிலேயே வந்து அழைத்தாள். போகாமல் இருக்க நாலு காரணம் யோசித்தும் எதுவும் வாயில் வரவில்லை. போனாள். பால் பொங்கி முடிந்திருந்தது. ஹால் கொள்ளாத கூட்டம். பாதிப் பேர் அதே வரிசையில் வீடு வாங்கியவர்கள், அவள் கையால் பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டவர்கள்.

தினேஸ்வரி அவள் கையைப் பிடித்து மேடைக்கு முன்னால் நிறுத்தித் தீப்பெட்டியைக் கொடுத்தாள். "மொத வெளக்கு நீங்கதான்க்கா ஏத்தணும்."

"இந்த அக்கா இல்லன்னா சாமிக்கு எடமே இல்ல" என்று தர்மா எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். "நமக்காக கம்பெனிகிட்ட பேசி வாங்கிக் குடுத்தாங்க."

கூட்டம் அன்போடு அவளைப் பார்த்தது. கலாதேவி குச்சியை உரசினாள். அது அணைந்தது. இன்னொன்றை உரச முடியவில்லை. உடம்பெல்லாம் கூசியது. இந்தக் கையால் இந்த விளக்கை ஏற்றினால், பிறகு தன் வீட்டுச் சாமிக்கு எப்படி ஏற்றுவது?

"நான் வாங்கிக் குடுக்கல தம்பி" என்றாள். "பெட்டி மொதல்ல கதவுக்குப் பின்னாலதான் இருந்துச்சு. அத இந்தச் செவத்துக்குக் கொண்டாரச் சொன்னதே நான்தான். அப்படிச் செஞ்சாத்தான் நீங்க பெரிய பேக்கேஜ எடுப்பீங்கன்னு."

தர்மாதான் கேட்டான். "அத மாத்த எவ்ளோ ஆகும்?"

"முந்நூத்தம்பது வெள்ளி."

"அப்ப எங்க வீடு?" என்றாள் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள்.

"ஒங்க வீடுந்தான்."

"எங்களுது?" என்று பின்னாலிருந்து கேட்டார் அதே வரிசை ராமையா.

"ஆமாண்ணே."

தினேஸ்வரி அவள் கையிலிருந்த தீப்பெட்டியை மெதுவாக எடுத்துக்கொண்டாள். தானே விளக்கை ஏற்றினாள். எல்லாரும் கும்பிட்டார்கள். கலாதேவி செருப்பைத் தேடி வாசலுக்கு நகர்ந்தபோது பின்னால் தினேஸ்வரியின் குரல் கேட்டது.

"சாப்புட்டுத்தான் போகணும். பால் காச்சுன வீட்லேருந்து வெறும் வயித்தோட யாரும் போகக் கூடாது."

உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் இலை போட்டிருந்தது. யாரும் வந்து உட்காரவில்லை. தினேஸ்வரியே பரிமாறினாள். கேசரி, இட்டிலி, வடை, சாம்பார், ஒன்றையும் குறைக்கவில்லை. கலாதேவி தலையைத் தூக்காமல் எல்லாவற்றையும் தின்றாள்.

இலைக்கு மேல் இட்டிலித் தட்டு வந்து நின்றது.

"இன்னும் ரெண்டு வைக்கவா, மேடம்?" என்று கேட்டாள் தினேஸ்வரி.