ஆளுக்குப் பன்னிரண்டு சொற்கள்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. கிரிப்டோ நாணயத்தைப் போன் செயலியில் வைப்பதா, தனிக் கருவியில் வைப்பதா என்று டெல்லித் தமிழர் மலர் ஒன்றுக்கு எழுதித் தரக் கேட்டார்கள். விவரம் கேட்கப் போன இடத்தில் சிந்து தன் கதையைச் சொன்னாள். (பெயரை மாற்றச் சொன்னாள். மாற்றியிருக்கிறேன்.)

2

‘ஜெகன் பேராசைக்காரன். அவனுக்கு எப்போதும்…’

அடித்துவிட்டேன். அவன் அப்படி இல்லை.

சிந்துவுக்குக் கிட்வாய் நகரில் அரசுக் குடியிருப்பு. கணவன் ஜெகனுக்குக் குர்கானில் ஐ.டி. வேலை. இருவர் சேமிப்பும் கிரிப்டோவில் இருந்தது. போன் செயலியே போதும், ஜல்தி எடுக்கலாம் என்பது அவன் கட்சி. போனை மெட்ரோவில் பறிகொடுத்தால்? ஏமாற்று லிங்க் எதையாவது தொட்டுவிட்டால்? இணையத்தோடு ஒட்டாத கருவிதான் வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

பென்டிரைவ் மாதிரி ஒன்றை வாங்கினார்கள். அது கெட்டால் பணத்தை மீட்க, வரிசை மாறாமல் குறித்துக்கொள்ளச் சொல்லி இருபத்து நான்கு ஆங்கிலச் சொற்களைக் காட்டியது. ஆளுக்குப் பன்னிரண்டு எழுதி வைத்துக்கொள்ளலாம் என்றதும் அவள்தான். ஒருவர் இல்லாமல் ஒருவர் மீட்க முடியாதே என்று சிரித்தாளாம்.

(கட்டுரையாக இருந்தால் இங்கே எச்சரித்திருப்பேன்: சொற்களைப் பாதியாகப் பிரிக்காதீர்கள். ஒரு பாதி போனால் எல்லாம் போச்சு.)

3

பிரிந்தார்கள். காரணங்களை எழுதி நீக்கிவிட்டேன். எதுவும் அவளுக்கே போதுமானதாகப் படவில்லை.

அவன் பெட்டியோடு போன சாயங்காலம், சிந்து தன் காகிதத்தை அடுப்பில் காட்டி எரித்தாள். இனி எதற்கும் அவன் தன்னிடம் வந்து நிற்கக் கூடாது என்ற ஆத்திரம். கருவி அலமாரியில் இருக்கிறது, அதன் கடவு எண் தனக்கு மட்டும்தான் தெரியும் என்ற தைரியம். கருவியை அவன் எடுத்துப் போயிருந்தது மறுநாள்தான் தெரிந்தது.

எண்ணை அவளிடம் கேட்க அவனுக்கு ரோஷம். தப்புத் தப்பாகப் போட்டுப் பார்த்தான். திருடனுக்காக வைத்த காவல் வேலை செய்தது. கருவி தன்னுள் இருந்ததையெல்லாம் அழித்துக்கொண்டது. இனி அந்த இருபத்து நான்கு சொற்கள்தான் வழி.

4

ஜெகனின் அம்மா பாப்பம்மாளுக்குச் சிறுநீரகம் கெட்டது. அவன் கிட்வாய் நகர் வந்து வாசலிலேயே நின்றான்.

“அம்மாவுக்குக் கிட்னி மாத்தணுங்கறாங்க. உன் பாதியக் குடு. உன் பங்கு உனக்கு வந்துரும்.”

எரித்துவிட்டேன் என்பது வாய் வரை வந்தது. பாதுகாப்பு, பாதுகாப்பு என்று அவனுக்குப் பாடம் எடுத்தவள் அவள்.

“தர முடியாது” என்றாள்.

அவன் படியிறங்கிப் போனான். கொடுமைக்காரி என்று அவன் நினைப்பதைத் தாங்கலாம், முட்டாள் என்று நினைப்பதைத் தாங்க முடியாது என்றாள் என்னிடம்.

5

முடிவு ஒன்று: அவன் பின்னாலேயே ஓடி உண்மையைச் சொல்கிறாள். (ஓடவில்லை.)

முடிவு இரண்டு: சொற்கள் நினைவுக்கு வருகின்றன. (நதி, குடை என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் மட்டும் வந்தன. வரிசை வரவில்லை.)

நடந்தது இது. மருத்துவமனையிலிருந்து பாப்பம்மாளே போன் செய்தார்.

“நீ தரமாட்டேன்னியாம். நான் நம்பலம்மா. அவன் ஒழுங்கா கேட்டிருக்க மாட்டான். இப்ப நான் கேக்கறேன், குடும்மா.”

பதிலாக என்ன சொன்னாள் என்பதைச் சிந்து எனக்குச் சொல்லவில்லை. நான் எழுதிப் பார்த்தவை எல்லாம் குப்பைக்குப் போயின. அந்த வாக்கியத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம். மறுமுனையில் அவர், “கேக்குதாம்மா?” என்கிறார்.