நிழல்களைத் தைத்துப் போட்ட சாலை

தையல்காரியின் நிழல்மீது செங்கல் லாரி ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அவள்மேல் ஒரு கீறல்கூட இல்லை. சைக்கிளை ஓரமாகத்தான் ஓட்டிப் போனாள்; வெயிலில் நீண்டு கிடந்த நிழல்தான் சாலைப் பக்கம் விழுந்திருந்தது. சக்கரம் அதைக் குதிகாலோடு அறுத்துத் தாரில் அப்பிவிட்டுப் போய்விட்டது. வீட்டு வாசலில் இறங்கிக் கீழே பார்த்தாள். சைக்கிளுக்கு நிழல் இருந்தது, துணிப்பைக்கு இருந்தது, அவளுக்கு இல்லை. அந்தத் தெருவில் அவள் ஏழாவது ஆள். பல் டாக்டரின் மனைவிக்கு முந்தைய வருடமே போயிருந்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக் குடை பிடித்துச் சமாளித்துவந்தார். குடைக்குக் கீழே யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம். எல்லோரும் குனிந்து பார்த்திருந்தார்கள்.

நிழல் போகும்போது வலிப்பதில்லை. தொல்லை பிறகுதான். தாரில் ஒட்டிக் கிடக்கும் நிழல்மேல் எது ஏறினாலும் உரியவரின் முதுகில் தெரியும். வேன் என்றால் விலா நெரியும், பஸ் என்றால் மூச்சு நின்று வரும். சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கும்போதே தையல்காரி மிஷின்மேல் கவிழ்ந்துவிடுவாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பள்ளி திறந்ததும் மகள் ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டும், பள்ளி அந்தச் சாலையின் மறுகோடியில், சைக்கிளை விட்டால் வேறு வழியில்லை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. லாரி நிழலோடு விட்டுவிடும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரரின் தம்பி விஷயத்தில் சைக்கிள் மட்டும்தான் வீடு திரும்பியது.

சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டுமென்று தெருக்காரர்கள் இரண்டு வருடமாக மனு கொடுத்துவந்தார்கள். தொல்லை தாங்காமல் சாலை அலுவலகம் ஆறு மாதச் சோதனை என்று பிளாஸ்டிக் கம்பங்களை நட்டது. அந்த ஆறு மாதமும் யாருடைய நிழலும் போகவில்லை. பிறகு, எத்தனை பேர் அதில் ஓட்டுகிறார்கள் என்று எண்ண ஒருவரை ஸ்டூலோடு அனுப்பினார்கள். அவர் பொய்க்கணக்கு எழுதிவிடுவார் என்று தையல்காரியின் நாத்தனார் ஒரு புரளியைக் கிளப்பினாள். அவ்வளவுதான், மொத்தத் தெருவும் கோரிக்கை அட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்து, மாலைவரை அவரைச் சுற்றி நின்று காவல் காத்தது. பாதையில் போனது மூன்று சைக்கிள். அதில் இரண்டு, போய்த் திரும்பிய ஒரே பேப்பர்காரர்.

"சார், நாங்கதான் சார் சைக்கிள்காரங்க," என்றாள் நாத்தனார்.

"சைக்கிள் எங்கம்மா?"

"வீட்ல நிக்குது."

"வீட்ல நிக்கிறத எண்ணச் சொல்லி எனக்கு உத்தரவு இல்லையே."

விபத்து ஏதுமில்லை, ஓட்டுபவர்களும் இல்லை, ஆகவே தேவையில்லை என்று கடிதம் வந்தது. அதே வாரம் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

அதன்பின் தையல்காரி தினமும் மகளை வாசலில் நிறுத்தி நிழலை இஞ்ச் டேப்பால் அளக்க ஆரம்பித்தாள். ஒருநாள் நாலு விரல் குறைந்தது என்று அலறி அக்கம்பக்கத்தைக் கூட்டினாள்; பார்த்தால் மேகம். பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கையில், எத்தனை நாளைக்குப் பொத்திப் பொத்தி வைப்பது என்று நாத்தனார் அவளைச் சைக்கிளில் ஒரு வெள்ளோட்டம் கூட்டிப் போனாள். சிரித்துக்கொண்டுதான் திரும்பினார்கள். தையல்காரி அளக்கக் குனிந்தாள். இரட்டைச் சடை போட்ட பிள்ளை. நிழலில் ஒரு சடைதான் இருந்தது.

"யாரோ முடியப் புடிச்சு இழுக்குறாங்கம்மா," என்றாள் மகள். "இதோ, மறுபடியும்."

தையல்காரி தையல் பிரிக்கும் பிளேடை எடுத்துக்கொண்டு நாத்தனாரிடம் வந்தாள்.

"உன் நிழலக் குடு."

"என்ன அண்ணி, குடைய கேக்குற மாதிரி கேக்குறீங்க?"

"குடை கேட்டா மட்டும் குடுத்துடுவியா?"

நாத்தனார் குனிந்து செருப்பைக் கழற்றினாள். பிறகு காலை நீட்டினாள். "பாத்து வெட்டுங்க. குதிகால்ல வெடிப்பு இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், நிழல் நீளமாக இருக்கும்போதே, நாற்பத்து மூன்று பேர் சாலையோரம் வரிசையாக நின்று கொடுத்தார்கள். ஏற்கெனவே தாரில் அப்பியிருந்தவற்றைத் தெருவிலிருந்த பெயின்டர் தன் சுரண்டியால் உரித்தெடுத்தார். தையல்காரி சைக்கிள் ஹேண்டில்பாரை அளந்து, இருபுறமும் ஒரு முழம் தாராளம் விட்டு, தையலுக்கு அரை அங்குலம் சேர்த்து, ஒன்றோடொன்று இரட்டைத் தையல் போட்டுச் சைக்கிள் பாதையாக விரித்துக்கொண்டே பள்ளிவரை போனாள். லாரிகள் ஒடித்துத் திரும்பும் வளைவில் யாருடையதைப் போடுவது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். தையல்காரி தன்னுடையதைப் போட்டாள்.

திங்கட்கிழமை மகளை அனுப்பிவிட்டு மிஷின் முன் உட்கார்ந்தாள். பின்னால் போய்ப் பார்க்கவில்லை. முதுகு சொல்லும் என்று காத்திருந்தாள். தூரத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது, அப்புறம் பிரேக் கிறீச்சிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூச்சு நிற்கவில்லை. இடுப்பிலிருந்து தோள்வரை, சுண்டுவிரலால் கோடு இழுத்த மாதிரி, மெல்லிசாக ஒரு சைக்கிள் சக்கரம் ஏறிப் போனது. நாத்தனார் தண்ணீர் கொண்டுவந்தபோது, தையல்காரி அழுதுகொண்டே தைத்துக்கொண்டிருந்தாள், தைத்தது கோணல்.

தைத்துப் போட்ட நிழல்கள் கிடந்த சாலையோரத்தில் அடிகாணாத பள்ளம் ஒன்று விழுந்திருப்பதாக அன்று மாலைக்குள் டிரைவர்கள் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். இன்ஜினியர் வந்தார், கழியை விட்டுப் பார்த்தார், பிடித்த கை முழங்கைவரை உள்ளே போனது. அதே இடத்தில் ஒரு பெண் சைக்கிளில் மணியடித்து வழி கேட்டுப் போனதையும் பார்த்தார். அதைக் குறிப்பில் எழுதவில்லை. வாகனங்களின் பாதுகாப்பைக் கருதிப் பள்ளம் நெடுகிலும் நிரந்தரமாகக் கான்கிரீட் தடுப்பு கட்ட உத்தரவிட்டார். இரண்டு வருடம் நடக்காத வேலை ஒன்பது நாளில் முடிந்தது. அலுவலகக் கோப்பில் அது இன்றைக்கும் பள்ளம்தான்.

ஒன்பது வருடம் ஆகிறது. அந்தத் தெருவில் வெயிலில் நின்று பேசுகிறவர்களுக்கு நிழல் இல்லாததை வெளியூர்க்காரர்கள்தான் முறைத்துப் பார்ப்பார்கள். மகள் இப்போது அதே வழியில் கல்லூரிக்குப் போகிறாள். அவள் வளைவைக் கடக்கும்வரை தையல்காரி மிஷினை நிறுத்தி வைத்திருப்பாள். துணி வாங்க வந்தவர்களும் அவசரப்படுத்துவதில்லை. போன மாதத்திலிருந்து சக்கரம் சற்றுக் கனமாக ஏறுகிறது. பின் கேரியரில் யாரோ உட்கார்ந்து வருகிறார்கள். யாரென்று தையல்காரி மகளிடம் இன்னும் கேட்கவில்லை. தெருவில் மற்ற எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.