இரண்டு மணி ரயிலுக்கு ஒரு குவளை

“கடையில வாங்கின முளையையா என் தம்பி கல்லறையில வைக்கப் போற?”

கதவு திறந்ததும் கிளாரா கேட்ட முதல் கேள்வி இதுதான். மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது, இன்னொரு கை தலைத்துண்டின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

“உள்ள வாங்க அக்கா. நான் இன்னும் எதுவும் வாங்கல,” என்றாள் வெனேரா.

“என்னது?”

“எதுவும் வாங்கலைன்னேன்!”

கிளாராவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது தனக்குப் பிடித்ததை மட்டும் கேட்கும்.

“வாங்காதே. அதைச் சொல்லத்தான் வந்தேன். பிளாஸ்டிக் பையில வாலும் தாடியுமா விக்கிறானே, அந்தச் சனியனை அவன் முன்னாடி வெச்சா எழுந்து உக்காந்து திட்டுவான். கல்லறை நாளுக்கு இன்னும் ஏழு நாள் இருக்கு. பானையை இறக்கு.”

ஏப்ரல் ஐந்தாம் தேதி, கசாக்கு நாட்டு உஷ்தொபே ஊரில் ஒரு கொரிய வீடு விடாமல் எல்லாரும் இடுகாட்டுக்குப் போவார்கள். கல்லைக் கழுவுவார்கள், சோறும் கோழியும் சோயா முளைக்கறியும் பரப்புவார்கள், வோட்கா ஊற்றி விழுந்து வணங்குவார்கள். வெனேராவின் கணவர் திரோஃபிம் போன ஆகஸ்டில் இறந்தார். அவருக்கு இது முதல் கல்லறை நாள். கிளாரா அவருடைய ஒரே அக்கா. அவள் சொன்னால் சொன்னதுதான்.

“சரி அக்கா, போடறேன்,” என்றாள் வெனேரா. இன்னொன்றைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கு அல்மாத்தி நகரத்திலிருந்து மகள் ஜன்னா கார் எடுத்துக்கொண்டு வருகிறாள். இடுகாட்டிலிருந்து நேராக அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள், இனி அங்கேயே இருக்க. போனில் வெனேரா சரி என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது. கிளாராவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

எட்டு மாதமாகப் பால்கனியில் கவிழ்ந்து கிடந்த மண்பானையை அன்று சாயங்காலம் எடுத்து வந்தாள். அடியில் ஆறு துளை. துளைகளின் மேல் வைக்கோல் பரப்பினாள். அடுப்பு மேடையில் எனாமல் தொட்டியை வைத்து, அதன் குறுக்கே இரண்டு மரச்சட்டம் போட்டு, அதற்கு மேல் பானையை உட்கார வைத்தாள். ஊறின சோயாவை உள்ளே கொட்டி, திரோஃபிமின் பழைய ஓவர்கோட்டிலிருந்து பிரித்த கறுப்பு உள்துணியால் மூடினாள். வெளிச்சம் பட்டால் பச்சை ஏறிக் கசந்துவிடும். தண்ணீருக்கு இடைவெளி விழுந்தால் வேரெல்லாம் மயிர் விட்டுத் தாடி வளர்க்கும். மூன்று மணிக்கு ஒரு தரமாவது ஊற்ற வேண்டும், ராத்திரியானாலும்.

அந்த ராத்திரி வேலை கல்யாணமான முப்பது வருஷமும் திரோஃபிமுடையதாக இருந்தது. ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் உடம்புக்கு ஓய்வு தெரியவில்லை. தூரத்தில் எஞ்சின் கூவினால் எழுந்துவிடுவார். எழுந்தவர் சும்மா திரும்பிப் படுக்க மாட்டார். தொட்டியில் இறங்கியிருக்கும் தண்ணீரையே குவளையில் மொண்டு பானையில் ஊற்றுவார். ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு குவளை. அவருடைய முளை வெள்ளி ஊசி மாதிரி இருக்கும், மயிர் ஒன்று காட்ட முடியாது.

“உங்க முளைக்கு டைம்டேபிள் போட்டு சுவத்துல ஒட்டுங்க, ஜன்னா அப்பா,” என்று கேலி செய்வாள்.

“ஒட்டினா நீ எழுந்திருப்பியா?”

“மாட்டேன்.”

“அப்புறம் எதுக்குடி காகிதத்தை வீணாக்கற?”

இப்போது வெனேரா ராத்திரி பத்து மணிக்கு ஒரு குவளை ஊற்றிவிட்டுப் படுத்தாள். எழுந்தது காலை ஆறு மணிக்கு. முளை தாடி விடும்தான், விடட்டும். எல்லாம் கிள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மதியம் முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக் கசாக்குப் பெண்ணின் கோட்டுக்கு உள்துணி. இரண்டு மணிச் சரக்கு ரயில் ஊரைத் தாண்டிப் போயிற்று. அதன் தடதடப்பு தேய்ந்து மறையும்போது சமையலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

சொட்டும் சத்தமாக இருந்தால் அவளுக்குத் தெரியும். இது முதலில் முளைமேல் சளாரென்று விழுந்தது. பிறகு ஆறு துளை வழியாக ஆறு இழையாகத் தொட்டியில் இறங்கியது. கடைசியில் மெல்லிசாகி நின்றது. குவளையை ஆணியில் மாட்டும் சின்ன ‘டிங்’கும் கேட்டது.

வெனேராவின் கால் மிதியில் நின்றுவிட்டது. எழுந்திருக்கவில்லை. இருபது நிமிஷம் கழித்து இன்னொரு தரம். அப்புறம் ஒரு தரம். சரியாக மூன்று.

ஆகஸ்டிலும் மூன்றுதான்.

அன்றைக்கும் இதே நாற்காலி, இதே மெஷின். காலையிலிருந்தே சண்டை. ஜன்னா இரண்டு பேரையும் அல்மாத்திக்கு வரச் சொல்லி எழுதியிருந்தாள்.

“நான் எங்கயும் வரல. எங்கப்பாவைச் சரக்கு ரயில்ல அடைச்சு நாடு கடத்தி இந்த ஊர்ல கொண்டு வந்து இறக்கினாங்க. நான் இங்கேயே கிடந்துட்டுப் போறேன்,” என்றார் திரோஃபிம்.

“கிடங்க. அந்தப் பானையைக் கட்டிக்கிட்டுக் கிடங்க,” என்றாள் வெனேரா.

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். இரண்டு மணி ரயில் போயிற்று. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கோபத்தில் ஊற்றுகிறார், ஊற்றட்டும் என்று நினைத்தாள். மறுபடி கேட்டது. இன்னொரு முறையும் கேட்டது. நானாகப் போகப் போவதில்லை, வேண்டுமானால் அவரே வரட்டும் என்று வீம்பாக ஒரு முழுக் கோட்டுக்கு உள்துணி வைத்து முடித்தாள். போய்ப் பார்த்தபோது மணி மூன்றரை. ஸ்டூலில் உட்கார்ந்து மேடைமேல் தலை சாய்த்திருந்தார். டாக்டரம்மா வந்து கையைத் தொட்டுப் பார்த்து, “நீங்க பாக்கும்போதே ஒண்ணரை மணி நேரம் ஆகியிருக்கும். உக்காந்ததும் போயிருக்கு. வலி தெரிஞ்சிருக்காது,” என்றாள்.

ஒன்றரை மணி நேரம். அப்படியானால் ரயில் போன கையோடு போயிருக்கிறார். அந்த மூன்று குவளையை ஊற்றியது யார்?

இதை அவள் மகளிடம் சொல்லவில்லை, நாத்தனாரிடமும் சொல்லவில்லை. டாக்டரம்மாவுக்குக் கணக்குத் தப்பிவிட்டது, அவர் உயிரோடுதான் ஊற்றினார் என்று பகலில் நினைப்பாள். உயிரோடு இருந்தவரைத்தானே ஒன்றரை மணி நேரம் எட்டிப் பார்க்காமல் இருந்தாய் என்று அதே நினைப்பு திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும்.

நான்காம் நாளும் கேட்டது. ஐந்தாம் நாளும், ஆறாம் நாளும். ரயில் போகும், மூன்று குவளை இறங்கும். வெனேரா ஒரு நாளும் எழுந்து போகவில்லை. நான்கு மணிக்கு மேல் இருமிக்கொண்டே சமையலறைக்குள் போவாள், உள்ளே யாரோ இருந்தால் ஒதுங்கிக்கொள்ள நேரம் கொடுப்பது மாதிரி. துணியைத் தூக்காமல் பக்கவாட்டில் மட்டும் விலக்கித் தன் பங்குக்கு ஊற்றிவிட்டு வெளியே வந்துவிடுவாள்.

கல்லறை நாளுக்கு முந்தின நாள் கிளாரா வந்தாள். முளையைப் பிடுங்கிப் பெரிய பேசினில் போட்டுக்கொண்டார்கள். வெனேரா பானையையும் தொட்டியையும் கழுவித் துடைத்து, பானையை மேடைமேல் கவிழ்த்தாள். சமையலறையில் இரண்டு பேர் உட்கார இடம் போதாது. முன்னறையில் மெஷின் மேசைமேல் செய்தித்தாளை விரித்துத் தோல் நீக்க உட்கார்ந்தார்கள்.

கிளாரா ஒரு முளையை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். ஒரு கைப்பிடியே அள்ளிப் பார்த்தாள்.

“அடியே, ஒரு மயிர் இல்லையேடி! உன்கிட்ட இந்தக் கை இருந்ததா? எங்களுக்கெல்லாம் தெரியாம எங்க ஒளிச்சு வெச்சிருந்த? ராத்திரிக்கு எத்தனை தரம் எழுந்த?”

“எழுந்திருக்கல.”

“என்னது?”

“எழுந்திருக்கவே இல்ல அக்கா! பத்து மணிக்குப் படுத்தா காலையில ஆறு மணிதான்.”

கிளாரா கையிலிருந்ததைப் பேசினில் போட்டாள். “அப்போ யாரு ஊத்தினது?”

வெனேரா சொல்லிவிட்டாள். ஆகஸ்ட் சண்டை, மூன்று குவளை, டாக்டரம்மா சொன்ன நேரம், இந்த நாலு நாள், எல்லாவற்றையும். கேட்காத காதுக்காகக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. எட்டு மாதம் நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்ததைச் சந்தையில் கூவுகிறவள் மாதிரிக் கூவினாள். சொல்லி முடித்தபோது தொண்டை கட்டியிருந்தது.

“ஊறின பயறு தண்ணியைப் பிடிச்சு வெச்சு, தானா விட்டிருக்கும்,” என்றாள் கிளாரா.

“முப்பது வருஷம் கேட்ட சத்தம் எனக்குத் தெரியாதா அக்கா? அது சொட்டற சத்தம் இல்ல, ஊத்தற சத்தம்.”

“சரி. ஊத்தற சத்தமாவே இருக்கட்டும். நீ ஏன் போய்ப் பாக்கல?”

“அன்னைக்கா, இன்னைக்கா?”

“ரெண்டு நாளும்தான்.”

வெனேரா ஒரு முளையின் தோலைக் கிள்ளினாள். “போய்ப் பாத்து அங்க யாரும் இல்லைன்னா, அன்னைக்கும் யாரும் இல்லைன்னு ஆயிடும். அவரு சண்டை போட்ட கையோட உக்காந்து உடனே போயிட்டாரு, நான் பாட்டுக்குத் தைச்சிட்டிருந்தேன்னு ஆயிடும். யாராவது இருந்தா...”

“இருந்தா?”

“அவரை விட்டுட்டு எப்படிப் போறது?”

போவதைப் பற்றி அவளிடம் சொல்லவில்லையே என்று அப்புறம்தான் உறைத்தது. கிளாரா கையை வீசினாள்.

“தெரியும்டி. ஜன்னா எனக்கும் போன் பண்ணினா. நீயா எப்போ வாயைத் திறப்பேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.” பேசினைத் தள்ளி வைத்தாள். “நான் ஒண்ணு சொல்றேன். அவன் சின்னப் பையனா இருக்கும்போதே அப்படித்தான். கோவிச்சுக்கிட்டுப் போய் மூலையில உக்காருவான். யாராவது போய்க் கூப்பிடற வரைக்கும் எழுந்திருக்க மாட்டான். சோறு ஆறிப் போகும், விளக்கு வெச்சாச்சு, அவன் எழுந்திருக்க மாட்டான். எங்கம்மா போய் ‘வாடா’ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

அப்போது இரண்டு மணி ரயில் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. ரயில் தேய்ந்தது. சமையலறையில், காய்ந்து கவிழ்ந்து கிடக்கும் பானையில், தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

வெனேராவின் முகத்தைக் கிளாரா பார்த்தாள். “கேக்குதா?”

வெனேரா தலையசைத்தாள்.

“எனக்கு ஒண்ணும் கேக்கல. செவிடின்னு தெரிஞ்சுதான் என் முன்னாடியே ஊத்தறான் திருட்டுப் பயல்.” வெனேராவின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். “போடி. உக்காராதே. போ.”

வெனேரா எழுந்தாள். ஒன்பது அடி தூரம். கை சுவரைத் தடவிக்கொண்டே போயிற்று. இருமவில்லை.

சமையலறையில் யாரும் இல்லை. பானை அவள் வைத்தபடியே கவிழ்ந்திருந்தது. தொட்டி ஈரமில்லாமல் இருந்தது. குவளை ஆணியில் தொங்கியது. ஸ்டூல் மட்டும், எப்போதும் மேடைக்கு அடியில் தள்ளி வைப்பாளே, அது ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு வெளியே வந்திருந்தது. இன்று அதை இழுத்தது தான்தானா என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

அவர் தலை சாய்ந்திருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். தகரத்தகடு போட்ட மேடை ஜில்லென்றிருந்தது.

“வந்துட்டேன், ஜன்னா அப்பா,” என்றாள். “லேட்டாயிடுச்சு. நானும் வீம்புக்காரிதானே. எழுந்து வாங்க, போதும்.”

இரண்டாவது குவளைக்காகக் காத்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிஷம் போயிற்று. அரை மணியும் போயிற்று. தெருவில் யாரோ கம்பளத்தை அடித்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். அது ஒன்றுதான் சத்தம்.

பானையை நிமிர்த்திச் சட்டத்தின்மேல் வைத்து, குழாயிலிருந்து ஒரு குவளை பிடித்து ஊற்றினாள். வெறும் பானை, தண்ணீர் நிற்காமல் தடதடவென்று தொட்டியில் கொட்டி முடிந்தது.

“வெனேரா! இப்போ எனக்கும் கேட்டுச்சுடி!” முன்னறையிலிருந்து குரல் வந்தது.

“அது நான் ஊத்தினது அக்கா!”

“அதானே பாத்தேன். அவன் ஊத்தினா இப்படியா கொட்டும்?”

வெனேரா முகத்தைத் துடைத்துக்கொண்டு, பானையை இடுப்பில் இடுக்கியபடி முன்னறைக்கு வந்தாள். துளைகளிலிருந்து தரையெல்லாம் சொட்டியது. பானையை நாத்தனாரின் மடிப்பக்கம் வைத்தாள்.

“நாளைக்கு இடுகாட்டுலேர்ந்து நான் அப்படியே ஜன்னாவோட கிளம்பறேன் அக்கா. இது உங்ககிட்ட இருக்கட்டும்.”

“எனக்கு எதுக்குடி? எழுபத்திநாலு வயசுல ராத்திரி ரயிலுக்கெல்லாம் எழுந்து என்னால ஊத்த முடியாது.”

“நீங்க எழுந்திருக்க வேண்டாம்,” என்றாள் வெனேரா.

கிளாரா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து, பானையின் வாயை மூடி, குழந்தைக்குக் கட்டுவது மாதிரி இறுக்கிக் கட்டினாள்.

“படியில இறங்கும்போது ஒரு கை பிடிச்சுக்கோ,” என்றாள். “வெறும் பானைதான், ஆனா கனமா இருக்கு.”