அந்தர்பல்டி

பிள்ளைக்குக் கழுத்து நின்றதும் தங்கமுத்து சர்க்கஸுக்குத் திரும்பிவிட்டாள். கம்பெனி அப்போது இலுப்பூரில், சந்தைக்குப் பக்கத்துப் பொட்டலில் கூடாரம் போட்டிருந்தது. பெரிய கம்பெனி இல்லை. இரண்டு குதிரை, ஒரு கரடி, கொஞ்சம் ஆட்கள், சாமான் ஏற்ற மாட்டு வண்டிகள். அவள் புருஷன் சிவசாமி முளையடித்துக் கூடாரம் நிறுத்துகிற ஆள்.

முன்பெல்லாம் தங்கமுத்து பின்பக்கம் வில்லாக வளைந்து, தரையில் கிடக்கும் பூவை வாயால் கவ்வுவாள். இப்போது முதலாளி நாகராசு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"வளையிறதை ஊரே பாத்து அலுத்துருச்சு. சொர்ணம் அடிக்கிற அந்தர்பல்டிக்குத்தான் கை தட்டுறான். அது வந்தா ஆட்டத்துக்கு வா. இல்லாட்டி சமையலுக்கு ஆளு வேணும்" என்றார்.

அந்தர்பல்டி என்றால் நின்ற இடத்திலிருந்து எம்பி, கை ஊன்றாமல் காற்றிலேயே பின்பக்கமாகச் சுழன்று காலில் வந்து நிற்பது. கம்பெனியில் அது தெரிந்தவள் சொர்ணம் ஒருத்திதான். தன் பிழைப்பில் பங்குக்கு வருகிறவளுக்கு எவள் சொல்லிக்கொடுப்பாள் என்ற தயக்கத்தோடுதான் தங்கமுத்து அவளிடம் போனாள்.

சொர்ணம் வீங்கிய கணுக்காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வெள்ளன வா. ஒனக்காக இல்லடி, என் காலுக்காக. தெனம் ரெண்டு ஆட்டம் என்னால குதிக்க முடியல."

முதலில் உடம்பு பணிய வேண்டியிருந்தது. வில்லாக வளைந்தால் கை தரையைத் தொடும் முன்பே இடுப்பு பிடித்தது. தோள் மரக்கட்டை. காலை அகட்டி உட்கார்ந்தால் தொடை நரம்பு சுண்டி இழுத்தது. சொர்ணம் அமுக்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. "வலிக்கிற எடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி நில்லு. மூச்சை விடு. அது தானா எறங்கும்" என்றாள். இறங்கியது. தினமும் ஒரு விரற்கடை, சில நாள் அதுவும் இல்லை. சந்தை மூன்று முறை கூடிக் கலைவதற்குள் தங்கமுத்துவின் உள்ளங்கை பழையபடி மண்ணில் பதிந்தது.

பிறகுதான் சுழற்சி. பொட்டலில் வைக்கோலைப் பரப்பினார்கள். ஒரு வேட்டியை முறுக்கி அவள் இடுப்பில் சுற்றி, ஒரு முனையைச் சொர்ணமும் மறுமுனையைச் சிவசாமியும் பிடித்துக்கொண்டார்கள். அவள் எம்பினாள். பாதியில் தலையைப் பின்னால் எறிந்து தரையைத் தேடினாள். முழங்காலில் விழுந்தாள்.

"தரை எங்கிட்டும் ஓடிப் போகாது. மொதல்ல மேல போ. அப்புறம் முட்டியை நெஞ்சுக்கு இழு" என்றாள் சொர்ணம்.

மறுபடி எம்பினாள். இந்த முறை நேராகத்தான் போனாள். முட்டியை மடக்குமுன் இடப்பக்கம் வேட்டி வெடுக்கென்று இழுபட, கோணலாகச் சரிந்து தோளில் விழுந்தாள். இடப்பக்கம் பிடித்திருந்தவன் சிவசாமி.

"கழுத்து ஒடிஞ்சிரும்னு..." என்றான். இழுத்த வேட்டி முனையை அவன் இன்னும் விடவில்லை.

தங்கமுத்து தோளைத் தேய்த்துக்கொண்டே எழுந்தாள். கோபம் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அதை வெளியே விடவில்லை. எம்பும்போதெல்லாம் தன் கண் அவன் பக்கமே போனதும் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"நீங்க வேட்டிய விட்டுட்டுப் பிள்ளையத் தூக்கிட்டு அங்கிட்டுப் போங்க. திரும்பிப் பாக்காதீங்க."

அவன் போனான். வேட்டியை அவிழ்த்துப் போட்டார்கள். சொர்ணம் முதுகுக்கு ஒரு கை மட்டும் கொடுத்தாள். அன்று முழுக்கத் தங்கமுத்து வைக்கோலில் உட்கார்ந்தபடியேதான் விழுந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் எப்படி என்று தெரியாமலே காலில் நின்றாள்.

"கை குடுத்தியா?"

"இல்லை" என்றாள் சொர்ணம். "இன்னொரு தடவை அடி. ஒரு தடவை வாரது கணக்கில்ல."

அடுத்து கீரனூரில் கூடாரம் போட்டதும், முதல் ஆட்டத்திலேயே நாகராசு தங்கமுத்துவை இறக்கினார். கியாஸ் லைட் வெளிச்சத்தில் கூட்டத்தின் முகங்கள் தெரியவில்லை. அவள் மேலே போனாள், முட்டியை இழுத்தாள், தரை வந்தது. ஓரடி பின்னால் தடுமாறி நின்றுகொண்டாள். கூட்டம் கை தட்டியது. கரடி சைக்கிள் விட்டபோது தட்டியதைவிட அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

உள்ளே வந்ததும் நாகராசு, "ஒருநா நீ, ஒருநா சொர்ணம்" என்று சொல்லிவிட்டுக் குதிரைக்காரனைக் கூப்பிடப் போனார். சொர்ணம் உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கடைசில ஒனக்குக் கால் பிசகுச்சு" என்றாள். "தெரியும்" என்றாள் தங்கமுத்து.

சிவசாமி பிள்ளையோடு வண்டிக்குப் பின்னால் நின்றான்.

"நான் பாக்கல. கை தட்டுன சத்தம் கேட்டப்பத்தான் மூச்சு வந்துச்சு" என்றான்.

அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதது நினைவுக்கு வந்தது.

"சோறு மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

அவன் பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, பார்த்து வருவதாகச் சொல்லிச் சமையல்கட்டுப் பக்கம் போனான்.