மச்சான் பிடித்த கரண்டி

வாரம் முழுக்க ஆஸ்பத்திரி அறைக்குள் நின்று ஊரார் எலும்பைப் படம் பிடிக்கிற எக்ஸ்ரேக்காரருக்குச் சனிக்கிழமை வந்தால்தான் உயிர் வரும். அன்றைக்குச் சமையல் அவருடைய ராஜ்ஜியம். பெரிய பாத்திரத்தில் ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, காரட், தாராளமாக மிளகு. பக்கத்தில் சோறு. சாயங்காலம் எட்டுப் பேர் உட்காருவார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர், அவர் மனைவி, மகள். ஆஸ்பத்திரி நர்ஸ், அவள் கணவன். மருந்துக்கடையில் வேலை முடிந்து ஆறரைக்கு ஓடிவரும் தன் மனைவி. இவர்கள் எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பவர் மச்சான்.

மச்சான், மனைவியின் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஒண்டிக்கட்டை, மற்ற நாளெல்லாம் மெஸ் சாப்பாடு. செருப்பைக் கழற்றியதும் நேராக அடுப்படிக்கு வருவார், மூடியைத் தூக்குவார், மோந்து பார்ப்பார்.

"உப்பு ஒரு கல்லு தூக்கலா இருக்கே மாப்பிள்ளை."

போன வாரம் கிழங்கு குழைந்துவிட்டது, அதற்கு முந்தின வாரம் மிளகு போதவில்லை. பத்து வருஷமாக இதே கதை. குறை சொல்லிவிட்டு மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுவார் என்பது வேறு விஷயம்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஈரம். எக்ஸ்ரேக்காரர் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். தன் மெஷினிலேயே கையை நீட்ட வேண்டியதாயிற்று.

"மூச்சை இழுத்துப் பிடிங்க சார்" என்றான் ஜூனியர்.

"கைக்கு எதுக்குய்யா மூச்சு?"

முழங்கை வரை மாவுக்கட்டோடு வீடு வந்தவரைப் பார்த்து மனைவி, "இந்த வாரம் வேண்டாம்னு எல்லாருக்கும் சொல்லிடறேன்" என்றாள்.

"இறைச்சிக்குச் சொல்லியாச்சே."

"யாருங்க சமைக்கிறது? எனக்குக் கடை இருக்கு."

"உங்கண்ணன் இருக்காரே! பத்து வருஷமா எனக்குச் சொல்லிக்குடுக்கிறாரு, ஒரு நாள் செஞ்சு காட்டட்டும்."

அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ கொட்டியது.

மறுநாள் மூன்று மணிக்கு மச்சான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மிடுக்காக வந்தார். எக்ஸ்ரேக்காரர் ஸ்டூலைப் போட்டு வசதியாக உட்கார்ந்தார். ஆறு வெங்காயம் உரிக்கச் சொன்னார். மச்சான் உரித்தார், உரித்துக்கொண்டே இருந்தார். பிறகு மச்சான் கோலிக்குண்டு அளவில் ஏதோ ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"தோலு எங்க முடியுது மாப்பிள்ளை?"

எக்ஸ்ரேக்காரருக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. இறைச்சி வதங்கும்போது, "தீயைக் குறைங்க, குறைங்க!" என்று இவர் கத்த, மச்சான் பதற்றத்தில் தரையைக் காலால் ஓங்கி மிதித்தார்.

"என்ன பண்றீங்க?"

"பிரேக்கு தேடறேன்யா!"

அதற்குள் அடி பிடித்துவிட்டது. கருகல் வாசனை வந்ததும் மச்சான் ஒரு குடம் இல்லாத குறையாகத் தண்ணீரை ஊற்றினார். கிழங்குகள் குளத்தில் விழுந்தவை மாதிரி மிதந்தன. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது, கண் வெங்காயத்தில் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் எக்ஸ்ரேக்காரருக்குக் கேலி போன இடம் தெரியவில்லை. எழுந்து பக்கத்தில் போய் நின்றார்.

"பரவாயில்லை மச்சான். வேற பாத்திரத்துக்கு மாத்துங்க, அடியைச் சுரண்டாதீங்க. நாலு கிழங்கை மசிச்சு விடுங்க, கெட்டியாயிடும்."

ஒரு மணி நேரம் கழித்து மச்சான் கரண்டியை நீட்டினார். எக்ஸ்ரேக்காரர் ருசி பார்த்தார். உப்பே போடவில்லை. பத்து வருஷப் பாக்கி நாக்கு நுனிவரை வந்து நின்றது. விழுங்கிவிட்டார்.

"உப்பு மட்டும் போடுங்க. மத்தபடி நல்லாத்தான் இருக்கு."

எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். மச்சான் தான் உட்காராமல் பரிமாறினார். ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டே நின்றார். தையல்காரர் சோற்றைப் பிசைந்தபடி, "இன்னிக்குக் கொஞ்சம் தண்ணியா இருக்கோ?" என்றார், வெள்ளந்தியாக.

"மூணு மணியிலேருந்து அடுப்புல நிக்கிறேன்! தண்ணியாம், தண்ணி!"

முதலில் வெடித்துச் சிரித்தவள் தங்கைதான். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. தையல்காரர் மகளுக்குப் புரையேறி, நர்ஸ் தலையில் தட்டினாள். மச்சானும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து மாப்பிள்ளை பக்கம் குனிந்தார்.

"இத்தனை வருஷம் எப்படி மாப்பிள்ளை என்னைச் சும்மா விட்டீங்க?"

"மூணு தடவை வாங்கிச் சாப்பிடுவீங்களே மச்சான். அப்புறம் என்ன கேக்கிறது?"

மச்சான் மாப்பிள்ளை தட்டில் இன்னொரு கரண்டி போட்டுவிட்டுப் போனார்.

கட்டோடு வேலைக்குப் போயிருந்த எக்ஸ்ரேக்காரருக்குப் புதன்கிழமை ஆஸ்பத்திரியில் போன் வந்தது.

"மாப்பிள்ளை, ஒரு ஆளுக்கு எத்தனை கிழங்கு கணக்கு?"

"வீட்டுல சமைக்கிறீங்களா? உங்களுக்கு மட்டும்னா ரெண்டு போதும்."

"எட்டுப் பேருக்குன்னா? இல்ல... இந்த வாரம் எல்லாரும் இங்க வந்தா என்னன்னு பாத்தேன். கை சரியாகிற வரைக்கும் நீங்க ஏன் சிரமப்படணும்? நாற்காலிதான் ரெண்டே ரெண்டு இருக்கு."

"நாற்காலியை நாங்க தூக்கிட்டு வர்றோம்" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

சனிக்கிழமை ஆளுக்கொரு நாற்காலியோடு மூன்று தெரு நடந்தார்கள். மச்சான் வாசலிலேயே நின்றிருந்தார், புதுச்சட்டை போட்டுக்கொண்டு. அன்றைக்குக் கிழங்கு பதமாக வெந்திருந்தது. யாரும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.