அந்தப் பக்கம் துடைக்காதீங்க

நான் சர்வேயர் என்று சொன்னால் பலர் நிலம் அளப்பவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் வண்டி சர்வேயர். அடிபட்ட வண்டியை நேரில் பார்த்து, இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பவன். ஓட்டியவர் சொல்லும் கதையையும் வண்டி சொல்லும் கதையையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் என் தொழில். வண்டி பொய் சொல்லாது. ஓட்டியவரும் சொல்லாவிட்டால்தான் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். இதையே பார்த்துப் பார்த்து, யாரைக் கண்டாலும் எனக்கு மூக்கில் வியர்த்துவிடுகிறது. "சமையல்கட்டுல ஒரு டம்ளர் நெளிஞ்சாக்கூட எந்தப் பக்கத்துலேருந்து விழுந்துச்சுன்னு கேக்குற ஆளு நீங்க" என்பாள் என் மனைவி. கேட்பேன்தான். எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தானே யார் தள்ளியது என்று தெரியும்?

கண்ணாடி விஷயத்தில் எனக்குத் தனியாக ஒரு பிடிவாதம் உண்டு. முன்கண்ணாடியை மாற்றினால், கழற்றிய பழைய கண்ணாடியை என் கண் முன்னால் சுத்தியலால் உடைக்க வேண்டும். அதன் பிறகுதான் கையெழுத்து. முன்பு ஒருமுறை, கீறல் விழுந்த ஒரே கண்ணாடி வேறு வேறு வண்டிகளில் ஏறி இறங்கி, ஒவ்வொரு தடவையும் பணம் வாங்கிக் கொடுத்தது. எங்கள் கம்பெனியில் எல்லோர் காதிலும் பூச்சுற்றிய கண்ணாடி அது. மறுபடி எதிலும் மாட்ட முடியாதபடி பழையதை ஆக்கிவிட வேண்டும் என்று அதற்குப் பிறகு விதி வந்தது. விதி அவ்வளவுதான் சொல்கிறது. சுக்குநூறாக உடைப்பது என் சொந்தச் சேர்க்கை.

அன்று காலையிலிருந்தே மழை. விலை உயர்ந்த வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றிலிருந்து சர்வீஸ் அட்வைசர் போன் செய்தார்.

"சார், கொஞ்சம் சீக்கிரம் வாங்க. கண்ணாடி கிளெய்ம். வண்டிக்காரர் இறங்கவே மாட்டேங்குறார்."

"கதவு மாட்டிக்கிச்சா?"

"அதெல்லாம் இல்ல சார். உள்ளேயே உக்காந்துட்டார். போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி துடைக்கலாம்னு பசங்க துணியோட போனாங்க. தொட்டா நடக்கிறதே வேறன்னு சத்தம் போடுறார்."

அந்த ஒர்க்‌ஷாப் தரையில் இலை போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். நடுவில் கறுப்பு நிறத்தில் அந்த வண்டி நின்றது. பழைய மாடல்தான். ஆனாலும் என் வீட்டை விற்றால்கூட அதை வாங்குவது கஷ்டம். மேலே எரிந்த டியூப் லைட்டுகள் அதன் மேல் வளையாமல் நேர்கோடாகத் தெரிந்தன. பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படித் துடைத்து வளர்த்திருக்க மாட்டார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அறுபது வயது தாண்டிய ஒருவர் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல் டாக்டர் என்று அட்வைசர் காதோடு சொன்னார். வெளியே அவருடைய மகள், நனைந்த குடையோடு, கோபத்தோடு நின்றாள்.

கண்ணாடியைப் பார்த்தேன். கீழே நடுவில் கல் பட்ட சின்னக் குழி. அங்கிருந்து ஒரு கீறல் கிளம்பி, ஓட்டுபவரின் கண்ணுக்கு நேராக ஓடியிருந்தது.

"இதை அடைக்க முடியாதா?" ஜன்னலைக் கொஞ்சமாக இறக்கிக் கேட்டார் டாக்டர்.

"புள்ளியா இருந்தப்பவே வந்திருந்தா பசை விட்டு அடைச்சிருப்போம் டாக்டர்" என்றார் அட்வைசர். "இப்ப ஓடிடுச்சு. உங்க பாஷையில சொல்லணும்னா, இனிமே பிடுங்கத்தான் வேணும்."

டாக்டர் சிரிக்கவில்லை. மகள்தான் சிரித்தாள், அதுவும் எரிச்சலோடு. "வலி வந்த அன்னிக்கே ஏன் வரலைன்னு வர்றவங்களையெல்லாம் திட்டினவர் சார் இவர். இந்தப் புள்ளி விழுந்து எத்தனை மாசமாச்சு! போன வாரம் சைக்கிள்ல வந்த ஒருத்தரைப் பாக்கவே இல்ல. நான் கத்தினதால பிரேக் போட்டார். இன்சூரன்ஸ்ல கண்ணாடிக்குன்னு தனியா கவர் எடுத்து வெச்சிருக்கோம். மாத்துங்கப்பான்னா, வேணாம்னு ஒரே அடம்."

நான் ஜன்னலருகே குனிந்தேன். "டாக்டர், முழுசா கவர் ஆகும். கண்ணாடி, அதுக்குப் பின்னாடி இருக்கிற கேமரா, மழை சென்சார், மறுபடி அதையெல்லாம் சரி பண்ற கூலி, எல்லாமே கம்பெனி பாத்துக்கும். உங்க கையிலேருந்து எதுவும் போகாது."

இதைச் சொன்னால் எவர் முகமும் மலர்ந்துவிடும். இவர் முகம் தொங்கிப்போனது.

"பழைய கண்ணாடியை நான் எடுத்துட்டுப் போகலாமா?"

எனக்கு மூக்கில் வியர்த்தது. "முடியாது. என் முன்னாடி உடைக்கணும்."

"உடைச்சே ஆகணுமா?"

"சுக்குநூறா."

"அப்ப எனக்குக் கிளெய்ம் வேணாம். என் காசுல மாத்திக்கிறேன்."

"எந்தக் காசுல?" என்றாள் மகள். "கிளினிக்கை மூடிட்டு வீட்டுல உக்காந்திருக்கீங்க. இந்த வண்டிக்குக் கண்ணாடி என்ன விலைன்னு தெரியுமாப்பா?"

"அப்ப மாத்தவே வேணாம். இப்படியே ஓட்டிட்டுப் போறேன்."

முழுசாகக் கிடைக்கும் பணத்தை வேண்டாம் என்கிறார், ஆனால் உடைந்த கண்ணாடி மட்டும் வேண்டுமாம். நான் என்ன நேற்றுப் பிறந்தவனா? வண்டியைச் சுற்றி வந்தேன். எங்கும் ஒரு தூசி இல்லை. ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் முன்னால், கண்ணாடியின் உள்பக்கத்தில் மட்டும் அழுக்குப் படிந்திருந்தது. துடைக்கும் துணி அந்த இடத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டுச் சுற்றிப் போயிருந்தது. அதற்குக் கீழே டேஷ்போர்டின் தோலில், ஒன்றன் மேல் ஒன்றாக வெளுத்த வட்டங்கள். சூடான பாத்திரத்தை வைத்து வைத்து எடுத்த தடம். ஆள் மாட்டிக்கொண்டார் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"டாக்டர், கல் பட்டு உடைஞ்சதுன்னு சொல்லியிருக்கீங்க. கல் புள்ளி மட்டும்தான் வெச்சிருக்கு. கீறலை ஓட வெச்சது சூடு. வண்டிக்குள்ள என்னத்தைக் கொதிக்க வெச்சீங்க? இந்தக் கண்ணாடியைக் கொண்டுபோய் அடுத்து எந்த வண்டியில மாட்டுறதா உத்தேசம்?"

மகளை வைத்துக்கொண்டே கேட்டேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கையை நீட்டி, பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறி உக்காருங்க சார். எதிலயும் கை படாம உக்காருங்க. நீயும் வாம்மா, பின்னாடி ஏறு. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?"

கதவுகளை மூடினோம். ஜன்னல்களை ஏற்றினார். காலடியிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்து, மூடியைத் திறந்து, டேஷ்போர்டில் அந்த வட்டங்களின் மேலேயே வைத்தார். வெந்நீர். ஆவி எழும்பியது. வெளியே மழைக் குளிர், உள்ளே மூன்று பேர் மூச்சு. கண்ணாடி மெல்ல வெளுக்கத் தொடங்கியது.

வெளுத்த கண்ணாடியில் சில இடங்கள் மட்டும் வெளுக்காமல் நின்றன. ஐந்து சின்ன வட்டங்கள். கீழே ஒரு வளைவு. கொஞ்சம் தள்ளி, அரைகுறையாக இன்னும் இரண்டு வட்டங்கள். கால் விரல்கள் என்று எனக்குப் புரியவே சிறிது நேரம் பிடித்தது. யாரோ காலைத் தூக்கி டேஷ்போர்டில் போட்டு, விரல்களைக் கண்ணாடியில் ஊன்றி உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். சுண்டு விரல் மட்டும் மற்ற விரல்களோடு சண்டை போட்டதுபோலத் தனியாக விலகியிருந்தது.

"அம்மா" என்றாள் மகள், பின்னாலிருந்து.

டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. கீறல் ஒரு நகம் அளவு நீண்டது. டாக்டர் அவசரமாகப் பிளாஸ்க்கை மூடினார்.

"எங்க போனாலும் அவளுக்குக் காலை மேல போட்டாகணும்" என்றார். "இது காரா, கட்டிலா, காலை எடுன்னு கத்துவேன். ரெண்டுமில்ல, என் சக்களத்தி, அதான் உதைக்கிறேன்னு சொல்லுவா. வீட்டுக்கு வந்ததும் என் முதல் வேலை இதைத் துடைக்கிறதுதான்." கதவுப் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்துக் காட்டினார். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருந்தது. "கல்யாணமான நாள்லேருந்து, எந்த வண்டியா இருந்தாலும், ஒரு தடவைகூட விட்டதில்ல சார். திட்டிக்கிட்டே துடைப்பேன். கடைசித் தடவை ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியைப் போட்டுட்டு அவளைத் தூக்கிட்டு ஓடினேன். துடைக்க நேரமில்ல. அதனால இது ஒண்ணு மிச்சம்."

ஆவி குறையக் குறைய விரல்கள் மங்கின.

"சாயங்காலமானா வண்டிக்குள்ள போய் உக்காந்துக்கிறீங்களே" என்றாள் மகள். "என் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கலைன்னு நெனச்சேன்பா. அம்மா போனதுலேருந்து நான் என்ன சொன்னாலும் உங்களுக்கு ஆகலைன்னு…"

"உன்கிட்ட எப்படிம்மா சொல்றது? கார் கண்ணாடிக்கு ஆவி பிடிக்கிறேன்னா சொல்ல முடியும்?"

"சொல்லியிருக்கலாம்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இன்னொரு கால் ஏன் சரியா இல்ல?"

"முதல்ல ரெண்டும் முழுசா இருந்துச்சு. ஆவி பட்டுப் பட்டுக் கரையுது. நான் பாக்கப் பாக்கத்தான் அழியுது. தெரியுது. தெரிஞ்சும் பாக்காம இருக்க முடியல."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. வண்டி பொய் சொல்லாது என்று பீற்றிக்கொள்கிற நான், அது உண்மையைச் சொன்னபோது திருட்டு என்று படித்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். என் மன்னிப்பு அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. சைக்கிள்காரரை ஞாபகப்படுத்தி மகள் டாக்டரைச் சம்மதிக்க வைத்துவிட்டாள். கிளெய்மில் சிக்கல் எதுவும் இல்லை. கல் பட்டது உண்மை, அந்தக் குழி இல்லாவிட்டால் வெந்நீருக்குக் கீறல் ஓடியிருக்காது. நடந்ததை நடந்தபடியே எழுதினேன், கம்பெனியும் ஒத்துக்கொண்டது. உடைப்பதுதான் தொண்டையில் நின்றது. உடைக்காமலே உடைத்ததாக எழுதினால், நான் இத்தனை காலம் கையும் களவுமாகப் பிடித்தவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? உடைத்துவிட்டாலோ, அந்த மனிதருக்கு மிச்சமிருப்பதை என் கையாலேயே அழித்தவனாவேன். மனைவியிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள். "எந்தப் பக்கம்னு கேக்குறதுதானே உங்க வேலை? உடைக்கும்போதும் எந்தப் பக்கம்னு கேளுங்களேன்" என்று சொல்லிவிட்டு என் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் புதுக் கண்ணாடி வந்து இறங்கியது. டாக்டர் இந்த முறை தானாகவே வண்டியை விட்டு இறங்கி, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். மெக்கானிக்குகள் இரண்டு பேர். எதைக் கழற்றும் முன்பும் சோப்புத் தண்ணீர் அடித்துத் துடைப்பது அந்த ஒர்க்‌ஷாப் பழக்கம். ஒருவர் பாட்டிலோடு உள்ளே குனிந்தார்.

"அந்தப் பக்கம் துடைக்காதீங்க!"

கத்தியது நான். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் கத்திவிட்டேன். மெக்கானிக் பயந்துபோய் பாட்டிலைக் கீழே வைத்தார்.

ஓரத்துப் பசையைக் கம்பியால் அறுத்து, வெளிப்பக்கம் ரப்பர் பிடிகளை ஒட்டவைத்து, கண்ணாடியைத் தூக்கி ஒரு மேஜைமேல் கிடத்தினார்கள். சுத்தியலை நான் கேட்டு வாங்கினேன். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் மூடியிருப்பார்கள்.

ஸ்டியரிங் இருந்த பக்கத்தில் ஓங்கி அடித்தேன். இன்னொன்று. மேலே கேமரா உட்காரும் இடத்தில் ஒன்று. முன்கண்ணாடி என்பது நடுவில் ஒரு படலத்தை வைத்து ஒட்டிய இரண்டு கண்ணாடிகள். நொறுங்கினாலும் உதிராது. ஒரு பாதி முழுக்கத் தூளாகி, தூளாகவே ஒட்டிக்கொண்டு நின்றது. மறு பாதியின் பக்கம் சுத்தியல் போகவில்லை. போட்டோ எடுத்தேன்.

"கண்ணைத் திறங்க டாக்டர். முடிஞ்சுது. இனிமே இதை எந்த வண்டியிலயும் மாட்ட முடியாது. கம்பெனிக்கு இது குப்பை. குப்பையை யார் எடுத்துட்டுப் போனாலும் யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் மேஜையருகே வந்து குனிந்து பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பல் பிடுங்கிய கையல்லவா, பிடி பலமாக இருந்தது.

"பாத்ரூமுக்குப் பக்கத்துல வெச்சா தானா ஆவி படும்பா" என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வேணாம்மா. இனிமே ஆவி காட்ட மாட்டேன். அதுல இருக்குன்னு நமக்குத் தெரிஞ்சா போதும்."

போர்வையில் சுற்றி, ஒர்க்‌ஷாப் வேனில் ஏற்றினார்கள். புதுக் கண்ணாடியைப் பொருத்தி, பசை காய்ந்து, கேமராவைச் சரிபார்த்து முடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலில் நின்றேன். டாக்டர் ஓட்டுவதற்கு உட்கார்ந்தார். மகள் இத்தனை நாளும் பின்னால்தான் உட்காருவாளாம். அன்று முன்னால் ஏறினாள். செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் தூக்கி டேஷ்போர்டில் போட்டு, விரல்களைப் புதுக் கண்ணாடியில் அழுத்தி ஊன்றினாள்.

"ஏய்! இது காரா, கட்டிலா? காலை எடு!"

சொல்லிவிட்டு அவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். பழக்கத்தில் கை மட்டும் கதவுப் பைக்குப் போய், அந்த மஞ்சள் துணியை வெளியே எடுத்துவிட்டிருந்தது. துணியைப் பார்த்தார். மகளுடைய கால்களைப் பார்த்தார். பிறகு ஜன்னலை இறக்கி, துணியை என்னிடம் நீட்டினார்.

"இதை நீங்களே வெச்சுக்குங்க சார். எங்க வீட்டுல இனிமே இது வேணாம்."

வாங்கிக்கொண்டேன். வண்டி மழைக்குள் கிளம்பிப் போனது. அவள் காலை எடுக்கவில்லை.